அடுப்பு அணைந்த பிறகுதான் விருந்து: மே மாத மொட்டை மாடிக்கு 20 பேர் வந்தால்

எங்கள் மதுரை வீட்டில் மே மாதம் சொந்தக்காரர்கள் கூடுவது வழக்கம். பள்ளிக்கூடம் லீவு, யாராவது ஒருத்தர் வெளியூரிலிருந்து வந்திருப்பார், கத்திரி வெயில் ஓடிக்கொண்டிருக்கும். பகலில் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள், ஆறு மணிக்கு மேல் எல்லோரும் மாடியில் இருப்பார்கள். முதல் இரண்டு வருஷம் நான் செய்த தப்பு, வந்தவர்களுக்குச் சுடச்சுடத் தோசை போட நினைத்ததுதான். 20 பேருக்கு ஆளுக்கு மூன்று தோசை என்றால் 60 தோசை. கீழே கல்லுக்கு முன்னால் நான் நின்றேன், மேலே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க இறங்கி வந்த பெரியம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டார்: “ஏத்தா, வந்தவுக ஒன்னையப் பாக்க வந்தாகளா, ஒன் தோசைக்கல்லப் பாக்க வந்தாகளா?”

அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். விருந்து அன்று மதியம் 1 மணிக்கு அடுப்பு அணைய வேண்டும். அதற்குப் பிறகு எரிந்தே ஆக வேண்டும் என்று சொல்கிற பண்டம் எதுவாக இருந்தாலும் பட்டியலில் இடமில்லை. பஜ்ஜி, தோசை, சப்பாத்தி எல்லாம் மார்கழிக்குப் போகட்டும். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நான் செய்கிற முறை இது. 12 பெரியவர்கள், 8 பிள்ளைகள் என்று கணக்கு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுத் தலைக்கணக்குக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன, எவ்வளவு

குடிக்க: பானகம் 5 லிட்டர், நீர்மோர் 8 லிட்டர், அவசரத்துக்கு நன்னாரி சர்பத் ஒரு பாட்டில். கொறிக்க: மாங்காய், வெள்ளரி, வடைப்பருப்பு, தர்பூசணி, கிடைத்தால் நுங்கு. சாப்பாடு: புளியோதரை, தயிர்சாதம், துவையல், மாவடு, மோர்மிளகாய், வடகம். கடைசியில் ஜிகர்தண்டா.

பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் பாதி வேலை முந்தின நாளே முடிந்துவிடும். உருளைக்கிழங்கு வறுவல் இல்லையா என்று கேட்பார்கள். மத்தியானம் வறுத்தது ராத்திரிக்குள் சொதசொதவென்று ஆகிவிடும், இந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் வைப்பதும் நல்லதில்லை. தெருமுனைக் கடையில் உருளை சிப்ஸும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கிவிடுங்கள். யாரும் குறை சொன்னதில்லை.

பால் மட்டும் 7 லிட்டர் வேண்டும்: தயிருக்கு இரண்டரை, ஜிகர்தண்டாவுக்கு 3, தயிர்சாதத்துக்கு ஒன்றரை. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அரிசி ஒன்றே முக்கால் கிலோ போதும். இடையில் இவ்வளவு கொறித்த பிறகு யாரும் மூக்கு முட்டச் சாப்பிடப் போவதில்லை. குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று தனியாக. பானகமும் மோரும் எவ்வளவு இருந்தாலும் வெறும் தண்ணீர் கேட்பவர்கள் இருப்பார்கள்.

நாள் உங்கள் கையில் என்றால் பௌர்ணமியை ஒட்டி வையுங்கள். மாடியில் விளக்கு போட்டால் பூச்சி வரும். நிலா போட்டால் வராது.

இரண்டு நாள் முன்பு: சர்பத்தும் புளிக்காய்ச்சலும்

நன்னாரி வேர் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். 50 கிராம் வாங்கி, மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, அம்மியிலோ சின்ன உரலிலோ தட்டுங்கள். மேல்தோல் பிரிந்து உள்ளே வெளிறிய கட்டை தெரியும். அதை உருவி எறிந்துவிடலாம், மணம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. தோலை அரை லிட்டர் கொதிநீரில் போட்டு மூடி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் வடிகட்டினால் வெளிறிய டீ மாதிரி ஒரு நிறம் இருக்கும்.

இங்கேதான் பலபேர் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊறல் தண்ணீரிலேயே சர்க்கரையைக் கொட்டி அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். வீடெல்லாம் மணக்கும், பாட்டிலில் மணம் இருக்காது. முக்கால் கிலோ சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் தனியாகப் பாகு வையுங்கள். கையில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். அதில் நன்னாரித் தண்ணீரை ஊற்றி, ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறிய பின் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள். எலுமிச்சை இருந்தால் பாகு பூத்துப்போகாது. கடைச் சர்பத்தின் கருஞ்சிவப்பு இதில் வராது, அது சேர்க்கிற நிறம். ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது புளிக்காய்ச்சல். ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் பழைய புளி. சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். கால் லிட்டர் நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, கடலைப்பருப்பு இரண்டு கைப்பிடி, வேர்க்கடலை 100 கிராம், காய்ந்த மிளகாய் 15, கறிவேப்பிலை, தாராளமாகப் பெருங்காயம் போட்டுத் தாளித்துக் கடலையை மட்டும் தனியே அரித்து எடுத்து வையுங்கள். கடலை காய்ச்சலில் கிடந்தால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். சாதம் கிளறும்போது சேர்த்தால் கடுக்குமொடுக்கென்று இருக்கும். பிறகு புளிக்கரைசல், மஞ்சள்தூள், கல்உப்பு. நடுத்தரத் தீயில் அரை மணிக்கு மேல் ஆகும். பொங்குவது அடங்கி, சத்தம் மாறி, ஓரத்தில் எண்ணெய் கசிந்து நின்றால் முடிந்தது. ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டு இறக்குங்கள்.

பொடி தனி: மல்லி 3 மேசைக்கரண்டி, மிளகாய் 10, எள் 2 மேசைக்கரண்டி, வெந்தயம் 1 தேக்கரண்டி. எல்லாம் வெறும் சட்டியில் தனித்தனியாக. வெந்தயம் சிவந்த அடுத்த நொடி இறக்க வேண்டும், கருகினால் மொத்தமும் கசக்கும்.

கடைத்தெரு வேலையையும் இன்றே முடியுங்கள். பாதாம் பிசின், வெல்லம், சுக்கு, ஏலக்காய், பச்சைக் கற்பூரம். கற்பூரம் வாங்கும்போது வாய்விட்டு “பச்சைக் கற்பூரம், சாப்பிடுறது” என்று சொல்லி வாங்குங்கள். பூஜைக்கு ஏற்றுகிற கற்பூரம் விஷம், அது பானகத்துக்குள் போகவே கூடாது.

முந்தின நாள் இரவு: ஃபிரிட்ஜில் இடம் பண்ணுவது

உண்மையைச் சொன்னால் சமையலைவிடப் பெரிய வேலை இதுதான். பழைய குழம்பு, கால் தேங்காய், போன மாதத்து இஞ்சி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டு ஃபிரீசரில் ஒரு தட்டு கடன் கேளுங்கள். அவர்களையும் விருந்துக்குக் கூப்பிட்டால் கடன் தீர்ந்தது.

ஐஸை ட்ரேயில் சின்னக் கட்டிகளாக வைக்காதீர்கள், கால் மணியில் காணாமல் போய்விடும். காய்ச்சி ஆறிய தண்ணீரை எவர்சில்வர் டப்பாவில் ஊற்றிப் பெரிய பாளமாக உறைய வையுங்கள். பாளம் பெரிதானால் கரைவது மெதுவாகும். இரண்டு டப்பாவில் தண்ணீருக்குப் பதில் உப்பு போட்ட நீர்மோரையே உறைய வையுங்கள், நாளைக்கு மோர் நீர்த்துப்போகாமல் குளிரும். மீன் கூடைக்குப் போடுகிற பெரிய ஐஸ்பாரை வாங்கி உடைத்துப் பானத்தில் போடுவது வேண்டாம். பாத்திரத்தைச் சுற்றி வைக்க மட்டும் அது ஆகும்.

தயிருக்கு இரண்டரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றுங்கள். மே மாதத்தில் 5, 6 மணி நேரத்தில் தோய்ந்துவிடும். ஒன்பது மணிக்கு உறை ஊற்றிவிட்டுத் தூங்கி, காலையில் ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் புளித்திருக்கும். ஆகவே பதினொன்றுக்குப் படுக்கும்போது உறை ஊற்றுங்கள், ஐந்தரைக்கு எழுந்ததும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள்.

பாதாம் பிசின் 30 கிராம் எடுத்து, ஒரு தடவை அலசி, 2 லிட்டர் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பார்த்தால் ஒரு கைப்பிடிகூட இருக்காது, இதற்கா இவ்வளவு தண்ணீர் என்று தோன்றும். காலையில் பாத்திரம் நிறைய நுங்கு உடைத்துப் போட்டது மாதிரி இருக்கும். நடுவில் கறுப்பாகச் சின்னச் சின்ன மரத்தூசு தெரியும். பொறுமையாக விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, வடிதட்டில் கொட்டி மறுபடி ஒரு தண்ணீர் விட்டு அலசுங்கள்.

ஜிகர்தண்டாப் பாலையும் இன்று இரவே முடித்துவிட வேண்டும். 3 லிட்டர் கொழுப்பெடுக்காத பாலை அடி கனத்த உருளியில் ஊற்றி, சின்னத் தீயில் 2 லிட்டராகும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஓரத்தில் ஒட்டுகிற ஏட்டைச் சுரண்டிச் சுரண்டிப் பாலுக்குள்ளேயே தள்ள வேண்டும், கடித்தால் தட்டுப்படுகிற அந்தத் துணுக்குதான் ருசி. மதுரைக் கடைகளில் பார்க்கிற இளம்பழுப்பு நிறம் வேண்டுமென்றால் 150 கிராம் சர்க்கரையில் இரண்டு கரண்டியை மட்டும் தனிச்சட்டியில் தேன்நிறத்துக்கு உருக்கி, அதன் தலையில் ஒரு கரண்டி சூடான பாலை ஊற்றுங்கள். சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அது கரைந்ததும் உருளியில் சேர்த்து மிச்சச் சர்க்கரையையும் போட்டு இறக்குங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜ்.

ஐஸ்கிரீமுக்கு நான் குறுக்குவழி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய வெனிலா ஐஸ்கிரீம் ஒரு லிட்டரைப் பத்து நிமிஷம் வெளியே வைத்து இளக்கி, 200 கிராம் பால்கோவாவை உதிர்த்துக் கலந்து மறுபடி உறைய வைத்துவிடுவேன். எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான். அங்கிருந்து யாராவது வரும்போது கோவா சொல்லி விட்டுவிடுவேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவா அது. நல்ல கோவாவாக எது கிடைத்தாலும் போதும். வீட்டிலேயே பாஸந்தி ஐஸ்கிரீம் செய்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அன்று காலை: ஆறிலிருந்து பத்து வரை

பானகத்தை முதலில் முடியுங்கள். ஊற ஊறத்தான் அதில் சுக்கும் ஏலமும் இறங்கும்.

5 லிட்டருக்கு ஒரு கிலோ வெல்லம் வைத்துக்கொண்டு, முதலில் முக்கால் கிலோ மட்டும் தட்டிக் கரையுங்கள். ஊருக்கு ஊர் வெல்லத்தின் இனிப்பு வேறு. கரைந்ததைத் துணியில் கட்டாயம் வடிகட்ட வேண்டும், எவ்வளவு நல்ல வெல்லமானாலும் அடியில் மணல் நிற்கும். சுக்குத்தூள் இரண்டரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 20 தட்டியது, எலுமிச்சம்பழம் 5, ஒரு சிட்டிகை உப்பு, கடுகத்தனை பச்சைக் கற்பூரம். கடுகத்தனைதான். கூடினால் கோயில் தீர்த்தமாகிவிடும், பிள்ளைகள் தொட மாட்டார்கள். துளசி இருந்தால் நாலு இலை. மே மாதத்தில் எலுமிச்சை விலை தாறுமாறாக ஏறும். அப்படி ஏறினால் எலுமிச்சைக்குப் பதில் ஒரு சின்ன உருண்டைப் புளியைக் கரைத்து விடுங்கள், அதுவும் ஊர் வழக்கம்தான். இனிப்பைக் குளிர்ந்த பிறகு ருசி பார்த்து முடிவு செய்யுங்கள், சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும்.

மண்பானை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பானகத்தை நேராக அதில் ஊற்றாதீர்கள். பானை குளிர்வதே அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான். பானகமும் அப்படியே துளைக்குள் இறங்கி, அடுத்த நாள் பானை புளித்து நாறும், எறும்பு மொய்க்கும். பானையில் தண்ணீரை முந்தின இரவே நிரப்பி வைத்து, அந்தத் தண்ணீரில் பானகம் கரையுங்கள். பானைக்குக் கீழே ஈர மணல், சுற்றி ஈரத் துணி. மதுரை, திருச்சி மாதிரி வறண்ட வெயிலுக்கு இது நன்றாக வேலை செய்யும். சென்னையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பானை அவ்வளவு குளிராது, அங்கே ஐஸ்தான் கதி.

புளிப்பு சேர்ந்த எதையும் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. படத்துக்கு அழகாக இருக்கிறதென்று ஒரு தடவை பித்தளை அண்டாவில் எலுமிச்சைச் சாறு கலந்துவிட்டு, மொத்தத்தையும் முருங்கை மரத்தடியில் கொட்டினேன். எவர்சில்வர் போதும்.

வடைப்பருப்புக்குப் பாசிப்பருப்பு 300 கிராமை இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீர் ஒட்ட வடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துருவலும் தனித்தனி டப்பாவில். எதையும் இப்போது கலக்காதீர்கள். உப்பு பட்ட நிமிஷத்திலிருந்து அது தண்ணீர் விடத் தொடங்கும். ராமநவமிக்குச் செய்கிறோமே, அதேதான். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் ஏன் செய்கிறோம் என்பது எனக்குப் புரியாத ஒன்று. அடுப்பே வேண்டாத பண்டம், இந்த வெயிலுக்கென்றே பிறந்தது.

துவையலுக்குத் துவரம்பருப்பையும் காய்ந்த மிளகாயையும் வறுத்து, புளி, பூண்டு, உப்பு வைத்துக் கெட்டியாக அரையுங்கள். தேங்காய் வேண்டாம். தேங்காய்ச் சட்னி இந்தச் சூட்டில் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும், முதலில் கெடுகிற பண்டமே அதுதான்.

பதினொன்றிலிருந்து ஒன்று வரை: இரண்டு சாதம்

புளியோதரைக்கு ஒரு கிலோ அரிசியை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி விசிறியால் ஆற்றுங்கள். சூடு குறைந்ததும் புளிக்காய்ச்சலும் பொடியும் போட்டுக் கையாலோ மரக்கரண்டியாலோ கிளறி மூடுங்கள். காய்ச்சலை ஒரேயடியாகக் கொட்டாமல் முக்கால்வாசி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளறியதும் ருசி பார்த்தால் புளிப்பு தூக்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், ராத்திரிக்குள் சாதம் அதை இழுத்துக்கொள்ளும். வறுத்து வைத்த கடலை பரிமாறுவதற்கு முன்.

தயிர்சாதத்துக்கு முக்கால் கிலோ பச்சரிசியை ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு, சூட்டோடு மத்தால் மசித்து 50 கிராம் வெண்ணெய் போடுங்கள். வெதுவெதுப்பாக ஆனதும் காய்ச்சி ஆறிய பால் ஒன்றரை லிட்டர், தயிர் ஒரு டம்ளர், உப்பு. கஞ்சி மாதிரி தளதளவென்று இருக்கும். இப்படியா இருக்கும் என்று பதறி அதிகம் தயிர் ஊற்றிவிடாதீர்கள். அந்த ஒரு டம்ளர் தயிர் பாலைச் சாதத்துக்குள்ளேயே தோய வைக்கும், ஏழு மணிக்கு அளவாக இறுகியிருக்கும், புளிப்பு ஏறியிருக்காது. தயிரை மட்டும் ஊற்றிப் பிசைந்த சாதம் இந்த வெயிலில் ஐந்து மணிக்கே வாய் கூசும். பாத்திரத்தை அகலமான தண்ணீர்த் தாம்பாளத்தில் உட்கார்த்தி, ஈரத் துணி போர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூன்று மணிநேரம் கழித்துப் பார்த்துத் தோய்ந்துவிட்டதென்றால் ஃபிரிட்ஜ். இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு, கறிவேப்பிலைத் தாளிப்பை ஆறவிட்டுச் சேருங்கள். வெள்ளரியை இதில் போடாதீர்கள், தண்ணீர் விடும். மாதுளை முத்தும் பொடியாக நறுக்கிய மாங்காயும் கடைசி நேரத்தில்.

கடைசியாக வடகம், அப்பளம், மோர்மிளகாய் பொரித்து, எண்ணெய் வடிந்ததும் காற்றுப் போகாத தூக்குவாளியில் போட்டு மூடுங்கள். மணி ஒன்று. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, வழிமுறையில் இதுவும் ஒரு படிதான்.

நாலு மணிக்கு மேல்

மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்திருக்கும். நாலரை மணிக்கு முதல் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியதும் குப்பென்று ஒரு வெக்கை கிளம்பும், தரையில் ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து பத்து நிமிஷத்தில் காணாமல் போகும். ஊற்றாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும். ஐந்தரைக்கு இரண்டாவது தண்ணீர். இந்தத் தடவை ஈரம் நிற்கும். அதன் மேல் பாய் விரிக்கலாம். ஒரே ஒரு தடவை, அதுவும் ஆறு மணிக்கு ஊற்றினால் வந்தவர்களை ஆவியில் வேகவைத்தது மாதிரிதான்.

நுங்கை இப்போதுதான் வாங்க வேண்டும், காலையில் வாங்கியது சாயங்காலம் புளிக்கும். விரலால் அமுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்புவது தெரிய வேண்டும், கல் மாதிரி இருந்தால் கடுக்காய். பிள்ளைகளுக்கு வெளித்தோலை உரித்துவிடுங்கள், பெரியவர்களில் பாதிப்பேர் துவர்ப்போடுதான் வேண்டும் என்பார்கள். உரித்த நுங்கை நசுக்கி, இளநீரும் கொஞ்சம் நன்னாரியும் விட்டால் அதற்கு மேல் ஒரு சர்பத் கிடையாது. தர்பூசணியை முழுப்பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். தரையில் கிடந்த பக்கம் மஞ்சளாக இருக்கிற பழம், அளவுக்கு மீறிக் கனக்கிற பழம் நன்றாக இருக்கும்.

நீர்மோர் ஐந்து மணிக்கு. 2 லிட்டர் தயிரைத் தண்ணீர் விடாமல் முதலில் மத்தால் கடைந்து, அப்புறம் 6 லிட்டர் குளிர்ந்த தண்ணீர். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் தயிர் திப்பி திப்பியாக மிதக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு லிட்டரை உப்பு மட்டும் போட்டுத் தனியே எடுத்துவிடுங்கள். மிச்சத்துக்குப் பச்சைமிளகாய் 5, இரண்டு விரல் இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி கொத்துமல்லி, உப்பு எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித் துணியில் பிழிந்து சாற்றை மட்டும் விடுங்கள். பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி. மொத்த மோருக்கும் உப்பு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தல்களில் அண்டா அண்டாவாகக் கொடுக்கிறார்களே, அந்த மோரில் திப்பி தட்டாது. மிளகாய்த் துணுக்கு தொண்டையில் சிக்கி இருமுகிறவர்களைப் பார்த்தால் வடிகட்டுவதன் அருமை தெரியும். உறைய வைத்த மோர்ப் பாளத்தைக் கடைசியில் இறக்குங்கள்.

மாங்காய்க்குக் கிளிமூக்குதான். நீளவாக்கில் கீறிப் பத்து நிமிஷம் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தால் புளிப்பு கொஞ்சம் அடங்கும். மிளகாய்த்தூளைத் தூவிக் கொடுக்காமல் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள், அவரவர் துணிச்சலுக்குத் தொட்டுக்கொள்ளட்டும்.

வந்த பிறகு

டம்ளர் எது யாருடையது என்ற குழப்பத்துக்கு என் அத்தை கண்டுபிடித்த மருந்து ஸ்டிக்கர் பொட்டு. எவர்சில்வர் டம்ளரில் குடும்பத்துக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு அளவு. பிள்ளைகளே ஒட்டிக்கொள்வார்கள். காகிதக் கப் 100 வாங்கினாலும் ஒன்பது மணிக்குத் தீர்ந்துவிடும், ஒருத்தரே ஏழு கப் எடுப்பார். டம்ளர் அப்படியல்ல.

வந்ததும் முதலில் மோர், பிறகு பானகம். வேர்த்து வருகிறவர்களுக்கு உப்பு வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பானகத்தை நீட்டிவிட்டு “வேண்டாமா?” என்று கேட்கிற சங்கடமும் இதில் இல்லை. மோர் எல்லோருக்கும் பொது. ரத்த அழுத்தக்காரர்களுக்காக உப்பு போடாத ஒரு செம்பு தனியாக இருக்கட்டும். வெயிலில் வந்து யாருக்காவது தலை சுற்றினால் ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 சமமட்டத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு.

ஆறரைக்கு வடைப்பருப்பைக் கலந்து உடனே கொடுங்கள். ஏழரைக்குச் சாப்பாடு. நிலாச்சோறு மாதிரி ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்து சுற்றி நீட்டிய கைகளில் உருட்டிப் போட்டால் தட்டே வேண்டாம். உள்ளங்கையில் சாதம், அதன் தலையில் கட்டைவிரலால் குழி, குழியில் துவையல். வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கிற பிள்ளைகூட இந்த வரிசையில் மூன்றாவது தடவை கை நீட்டும். வெளியே வைத்த பாசிப்பருப்பு, வெட்டிய பழம், தேங்காய் சேர்ந்தவை ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். தயிர்சாதம் மிஞ்சினாலும் நாளைக்கு வைக்காதீர்கள். புளியோதரையை அப்போதே ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலைக்கு ஆகும்.

ஒன்பது மணிக்கு ஜிகர்தண்டா. இதை முன்கூட்டி டம்ளரில் ஊற்றி வைக்க முடியாது, வரிசையாக டம்ளர்களை அடுக்கி இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஐந்து நிமிஷம். முதலில் அடியில் பிசின் இரண்டு கரண்டி, அதன் மேல் நன்னாரி சர்பத் இரண்டு கரண்டி, பிறகு சுண்டிய பால் அரை டம்ளர். ஒரே ஒரு கலக்கு. மேலே கோவா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை, அதன் தலையில் மறுபடி அரைக் கரண்டிச் சர்பத். ஐஸ் கட்டி போடாதீர்கள், ஒரு மணி நேரம் சுண்டக் காய்ச்சிய பாலில் தண்ணீர் கலப்பதற்கா அவ்வளவு பாடுபட்டோம்? ஸ்பூன் கட்டாயம் வேண்டும். பிசின் உறிஞ்சினால் வராது, டம்ளரைக் கவிழ்த்தால் மொத்தமாக மூக்கில் வந்து விழும்.

பானகம் குடித்த டம்ளர்களை மட்டும் அன்றைக்கே கழுவிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாடியில் விட்டுவிட்டு வந்தால், விடிவதற்குள் கைப்பிடிச் சுவரிலிருந்து பாய் வரைக்கும் எறும்புக் கோடு போட்டிருக்கும்.